சுக்கான் செதுக்கிய சாயங்காலம்

சுக்கான் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. விரிகுடாவின் இந்தக் கரைக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே ஓடும் பயணிகள் படகில், தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நரைத்த காலம்வரை சுக்கான் பிடித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். ஒட்டியது ஒட்டியதுதான். ஆஸ்பத்திரியில் சீட்டெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது நர்ஸ் அவருடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே வேடிக்கை பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர்தான் விலாவில் இடித்து எழுப்ப வேண்டும்.

வார்த்தைக்கு வரி போட்டது போலப் பேசுகிற மனிதர். 'ம்' என்பதில் மட்டும் அவரிடம் பல ரகம் உண்டு. சரி என்கிற ம், பார்க்கலாம் என்கிற ம், நீ சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும் என்கிற ம். கூடப் பழகியவர்களுக்கு வித்தியாசம் புரியும். மற்றவர்கள் கல்லுளிமங்கன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் கல்லுளிமங்கனுக்கும் நெஞ்சு என்று ஒன்று உண்டு என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு ரொம்ப நாளாயிற்று. அவர் மனைவிக்கு ஊரைவிட அதிக நாளாயிற்று.

படகின் சுக்கான் அறையில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். மூன்று பக்கமும் கண்ணாடி. அதில் நின்றபடி பார்த்துப் பார்த்துக் கரை அவருக்கு மனப்பாடம். இடது ஓரத்தில் கலங்கரை விளக்கம். அதன் காலடியில், தண்ணீரில் படுத்துக் கிடக்கும் எருமைகள் மாதிரி நாலைந்து கறுப்புப் பாறைகள். அப்புறம் மணல், ஐஸ் தொழிற்சாலையின் ஒல்லிப் புகைபோக்கி, மீன் ஏலக்கூடத்தின் தகரக் கூரை. அதற்கு மேலே படிப்படியாக ஏறும் சரிவு, சரிவு முழுக்க வீடுகள். மேலிருந்து இரண்டாவது வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருப்பது அவருடைய வீடு.

மரம் செதுக்கி அச்செடுக்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மனைவி வெளிநாட்டுக்குப் போன மழைக்காலத்தில், படகு ஓடாமல் துறையில் கட்டிக் கிடந்த நாட்களில் தானாகப் பிடித்துக்கொண்டது. கதவு செய்தது போக மீந்த பலகை ஒன்று பின்னறையில் சாத்தியிருந்தது. பேனாக்கத்தியால் அதில் கலங்கரை விளக்கத்தையும் எருமைப் பாறைகளையும் கீறினார். ரப்பர் ஸ்டாம்பு மையைத் தடவி மேலே ஒரு தாளை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் கலங்கரை விளக்கம் வலது பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் இதை நம்பித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு இடம் வலமாக மாற்றி வரையக் கற்றுக்கொண்டார். உடைந்த குடைகளின் கம்பிகளைத் துண்டு போட்டு, நுனியைத் தீட்டி, மரப்பிடியில் செருகி உளி செய்துகொண்டார். குடைக்கம்பியின் நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு குழி ஓடும், அது மரத்தை அழகாகத் தோண்டும். அச்சகத்தில் டப்பாவின் அடியில் மிஞ்சிய மையை வாங்கி வந்தார். தாளின் முதுகைத் தேய்க்க ஏதாவது வழவழப்பாக வேண்டுமே என்று சமையலறையைக் குடைந்து, மனைவியின் மரக்கரண்டியை எடுத்தார். லீவில் வந்தபோது அவள் தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பின்னறையில் கண்டுபிடித்தாள். கரண்டியின் முதுகு கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"என் கரண்டி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள்.

"ம்" என்றார் இவர். அது மன்னிப்புக் கேட்கிற ம்.

செதுக்கியதெல்லாம் ஒரே கரைதான். காலையில் கரை, மழையில் கரை, பனிமூட்டத்தில் கரை, அலை ஏறிய கரை, வற்றிய கரை. சிலவற்றைக் கண்ணாடிச் சட்டம் போடுகிற கடையில் விற்பனைக்கு வைத்திருந்தார். "அண்ணே, உங்களுக்கு வேற ஊரே கிடைக்கலயா?" என்று கடைக்காரர் கேட்டால் அதற்கும் ஒரு ம்.

மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாள். கடல் தாண்டி, அதற்கும் அப்பால். மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் போனாள். படிப்பு முடியட்டும், ஒழுகுகிற கூரையை மாற்றட்டும், பிறகு வந்துவிடலாம் என்று போனாள். படிப்பு முடிந்தது. கூரை மாற்றியாயிற்று. மகளுக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, வேறு ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். போன காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிட்டன. போனவள்தான் திரும்பவில்லை.

ஏன் என்று கேட்டால் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. புறப்பட்ட அன்று அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, "பாதியில வான்னு மட்டும் கூப்பிட்டுராதீங்க. நீங்க கூப்பிட்டா என்னால அங்க இருக்க முடியாது" என்றாள். இவர் அதைச் சத்தியவாக்காகப் பிடித்துக்கொண்டார். பாதி முடிந்து முழுசும் முடிந்த பிறகும் விடவில்லை. ஒவ்வொரு தவணை முடியும்போதும் அங்கே மேற்பார்வையாளர் அடுத்த ஒப்பந்தத்தை நீட்டுவார். அவள் போனில், "கையெழுத்துப் போடச் சொல்றாங்க, என்ன பண்ணட்டும்?" என்பாள். இவர், "உன் இஷ்டம்" என்பார். எவ்வளவு மரியாதையான பதில் பாருங்கள். எவ்வளவு அநியாயமான பதில். நான் இல்லாவிட்டாலும் இவருக்கு ஒரு குறையும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். வர வேண்டும் என்று அவளுக்கே தோன்றவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவு. மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்து, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அங்க மழையா, இல்லை. இப்படியே ஒரு கல்யாண வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குக் குறை இல்லை என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நாள் காலை எதிர்க்கரையில் படகு ஏற நின்ற கூட்டத்தில் ஒரு பெண், பையை இடது தோளில் மாட்டி, அதன் வாரை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மனைவி அப்படித்தான் நிற்பாள். இவர் பார்த்தபடியே இருந்தார். படகு போய்த் துறையில் முட்டியது. நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், ஒரு கூடை தக்காளி உருண்டது. அத்தனை வருட வேலையில் அவர் படகை இடித்தது அந்த ஒரு தடவைதான். "நீரோட்டம்" என்றார். அன்று கடல் தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. அதைச் சுட்டிக்காட்டி அவரைச் சங்கடப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த வருடம் மறுபடி தவணை முடிய வேண்டிய வருடம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு அவள் கேட்டாள்.

"எனக்கு ஒரு படம் போட்டு அனுப்புங்களேன். என் ரூமு சுவரு வெறிச்சுன்னு இருக்கு. காலைல போடாதீங்க, சாயங்காலம் போடுங்க. படகுலருந்து பாத்தா சரிவுல வரிசையா லைட்டு எரியுமே, அந்த மாதிரி. நம்ம வீட்டு லைட்டு தெரியணும்."

"ம்" என்றார். ஆனால் அந்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தார். வா என்று வாயால் சொல்லக் கூடாது, சரி. சரிவில் தன் வீட்டு ஜன்னல் மஞ்சளாக எரிவதை அவள் தினமும் பார்க்கட்டும். பார்த்துப் பார்த்து அவளாகவே, போதும், கிளம்பிவிடலாம் என்று நினைக்கட்டும். ஒப்பந்தத்தை நீட்டுவதற்குள் படம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நல்ல யோசனைதான். வாயைத் திறந்தால் ஒரு நொடியில் முடிகிற காரியத்துக்கு மரத்தைக் குடைந்து வழி தேடுகிற யோசனை.

அவர் வேலை செய்கிற முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு விளங்கும். சிலர் நிறத்துக்கு ஒரு பலகை செதுக்குவார்கள். சுக்கானுக்கு எல்லா நிறத்துக்கும் ஒரே பலகை. முதலில், படத்தில் வெள்ளையாக நிற்க வேண்டியதை மட்டும் தோண்டி எடுத்துவிடுவார். பள்ளத்தில் மை படாது, தாள் அங்கே வெள்ளையாகவே இருக்கும். பிறகு மீதிப் பலகை முழுக்க மஞ்சள் மை உருட்டி எல்லாத் தாள்களிலும் அச்செடுப்பார். அடுத்து, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களைத் தோண்டுவார். அதற்கு மேல் ஆரஞ்சு. ஆரஞ்சாக நிற்க வேண்டியதைத் தோண்டிவிட்டுச் சாம்பல் நீலம். கடைசியில் கருநீலம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிற பாதை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, முடிவில் இருட்டு மட்டும் மரத்தில் மிஞ்சி நிற்கும். இதில் திரும்பி வரும் வழி கிடையாது. முந்தின நிறம் அடித்த பலகை இப்போது உலகத்திலேயே இல்லை, சீவலாகத் தரையில் கிடக்கிறது. அதனால் எத்தனை தாள் வேண்டும் என்று முதல் நாளே எடுத்து வைத்துவிட வேண்டும். தாளில் சில கெட்டுப்போகும் என்று ஒரு டஜன் எடுத்து வைத்தார்.

பல வாரம், கடைசிச் சவாரியில் இந்தக் கரைக்குத் திரும்பும்போதெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டார். எந்த வீட்டில் எந்த ஜன்னல் எரிகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார். கரையைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்ல மாட்டார். இல்லாத தென்னை மரத்தை அழகுக்காக வைக்கிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. சரிவின் நடுவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஆள் மகா கஞ்சன். இருட்டில் சுவரைத் தடவித்தான் நடப்பாரே தவிர, ஊர் முழுக்க விளக்கேற்றி வெகு நேரம் ஆகும்வரை சுவிட்சில் கை வைக்க மாட்டார். அவர் வீட்டைக் குறித்தபோது ஜன்னலே போடவில்லை.

வேலை நன்றாக நடந்தது. முதலில் கலங்கரை விளக்கத்தின் சுவர், பாறையில் சிதறும் நுரை, துறையில் கட்டிய படகுகளின் வெள்ளை விலா. மஞ்சள் அடித்தார். தாள்களைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டார். அப்புறம் மிகச் சின்ன உளியை எடுத்து ஜன்னல்கள். ஒரு ஜன்னலுக்கு ஒரு குத்து, ஒரு நெம்பு. குறிப்பைப் பார்த்துப் பார்த்து ஊருக்கெல்லாம் விளக்கேற்றினார். பிறகு ஆரஞ்சு. பிறகு சாம்பல் நீலம். கருநீலம் அடித்து முதல் தாளை உரித்து எடுத்தபோது, சாயங்காலம் அப்படியே வந்து நின்றது. எருமைப் பாறைகள் தண்ணீரைவிட இருட்டாக, வானத்தின் அடியில் ஆரஞ்சுக் கோடு அணையப் போகிற மாதிரி. அவருக்கே கண் கலங்கியது. இவ்வளவு நன்றாக அவர் எதையும் செய்ததில்லை.

தப்பைக் கண்டுபிடித்தது அவருடைய மச்சினி. மனைவியின் தங்கை. சரிவின் அடிவாரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அக்கா இல்லாத வீட்டை அவ்வப்போது வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவாள். அத்தான் மிச்சம் பிடித்த வார்த்தைகளையெல்லாம் எடுத்துச் செலவழிக்கப் பிறந்தவள். அன்றைக்கு அவருடைய சட்டைக்குப் பட்டன் தைத்து எடுத்து வந்தவள், பின்னறைக் கொடியில் தொங்கிய படங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அத்தான், இது நீங்க பண்ணதா? நெசமாவா? ஐயோ, இது என் கடை. இந்தா, என் ஜன்னல். இது மருந்துக்கடைக்காரரு வீடு. இது யாரு, வாத்தியாரா? இருட்டு. பொல்லாத ஆளு அத்தான் நீங்க, அவரு கஞ்சத்தனத்தக்கூட விட்டு வைக்கல." விரலைச் சரிவில் மேலே ஏற்றிக்கொண்டே போனாள். விரல் தண்ணீர்த் தொட்டியில் நின்றது. "சரி, நம்ம வீடு எங்க?"

"தொட்டிக்குக் கீழ."

"தொட்டி இருக்கு. கீழ ஒண்ணும் இல்லயே."

அவர் தாளைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தொட்டி இருந்தது. அதற்குக் கீழே கூரையின் கோடு இருந்தது. கூரைக்குக் கீழே கருநீலம். அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். ஒரே பலகையில் அடித்தது வேறு எப்படி இருக்கும், எல்லாவற்றிலும் அதேதான். மற்ற வீடுகளில் எல்லாம் மஞ்சள் எரிய, அவர் வீடு மட்டும் வாத்தியார் வீட்டோடு கூட்டுச் சேர்ந்து இருட்டில் நின்றது.

"ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில" என்றாள் மச்சினி, சிரித்துக்கொண்டே. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "விடுங்க அத்தான். ஒரு பொட்டு மஞ்சள் வச்சுட்டா போச்சு."

வைத்துப் பார்த்தார். கருநீலத்தின் மேல் மஞ்சள் வைத்தால் மஞ்சளாகவா இருக்கும்? பச்சையாயிற்று. வீட்டில் பாசி பிடித்த மாதிரி இருந்தது. இன்னொரு தாளில் முதலில் வெள்ளை வைத்து, காய்ந்த பிறகு அதன் மேல் மஞ்சள் வைத்தார். மேலே பறந்த காக்கா எச்சமிட்டது போல் இருந்தது. மச்சினி தன் கடைக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, ஜன்னல் அளவுக்குத் தாளையே வெட்டி, பின்னால் மஞ்சள் காகிதம் ஒட்டிப் பார்த்தாள். தையற்காரி கை, சுத்தமாகத்தான் வெட்டியது. ஆனால் மற்ற ஜன்னல்களெல்லாம் ஜன்னல்களாக இருக்க, அது மட்டும் ஒட்டுப் போட்ட கிழிசலாகத் தெரிந்தது. புதுப் பலகையில் முதலிலிருந்து செய்யலாம், அதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் அங்கே காகிதத்தை நீட்டிவிடுவார்கள்.

"எப்பிடி அத்தான் மறந்தீங்க? அதுவும் நம்ம வீட்ட?"

அதற்கு அவரிடம் ம் கூட இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், அவருக்கும் அப்போது தெரியவில்லை.

மறுநாள் கடைசிச் சவாரியில் தெரிந்தது. எதிர்க்கரையிலிருந்து படகைத் திருப்பி, கலங்கரை விளக்கத்துக்கு நேராக வைத்துக்கொண்டு வழக்கம்போல நிமிர்ந்தார். சரிவில் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. தையல் கடை வந்தது. மருந்துக்கடைக்காரர் வீடு வந்தது. வாத்தியார் வீடு வரவில்லை. தண்ணீர்த் தொட்டி வானத்தில் கறுப்பாக நின்றது. அதற்குக் கீழே இருட்டு. அச்சுப் பிசகாமல் அவர் செதுக்கிய மாதிரியே இருந்தது.

சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த பென்சில் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். எதிலும் தொட்டிக்குக் கீழே ஜன்னல் இல்லை. அவர் எதையும் மறக்கவில்லை. இருந்ததைத்தான் குறித்தார், குறித்ததைத்தான் செதுக்கினார். அந்த நேரத்தில் அவர் படகில் நிற்கிறார். வீட்டில் விளக்குப் போட யார் இருக்கிறார்கள்? கரையேறிப் போனாலும் சந்து வழியாகப் பின்கதவைத் திறந்து நேரே பின்னறைக்குத்தான் போகிறார். உளி இருக்கிறது, பலகை இருக்கிறது, ஒரு கயிற்றுக் கட்டில் இருக்கிறது. கடலைப் பார்த்த முன்னறையில் அவளும் அவரும் சாயங்காலம் உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அவள் இல்லாமல் அந்த அறையில் உட்கார அவரால் முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். அவள் லீவில் வந்த மாதங்களைத் தவிர வருடக்கணக்காக அந்த ஜன்னல் எரிந்ததே இல்லை, அவளுக்குக் காட்ட நினைத்த வெளிச்சம் ஊரிலேயே கிடையாது.

சுக்கானை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் பயணிகள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படத்தை அவளுக்கு அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தார். வா என்று சொல்லக் கூடாது என்றிருந்தவர், படம் அதைவிட மோசமாக ஒன்றைச் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார். தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். பலகை வெடித்துவிட்டது என்று சொல்லலாம். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தபடி துறையில் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினால், மச்சினி கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தான், நேத்தே அக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்பிட்டேன். உன் வீட்டுக்காரரு ஊருக்கெல்லாம் லைட்டு போட்டுட்டு உன் வீட்ட மறந்துட்டாருன்னு. சிரிப்பான்னு பாத்தேன். பாத்துட்டா, ஒரு பதிலும் போடல."

அவர் படியேறினார். அவளைத் திட்டியிருக்கலாம். திட்டவும் வார்த்தை வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. அவர் பின்னறையில் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அவள் முகம் வந்தது. வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை, தலையில் வலைத் தொப்பி இருந்தது. பின்னால் பெரிய பெரிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"படம் பாத்தேன்."

"அது ஒரு தப்பாயிடுச்சு. ஜன்னல வெட்ட மறந்துட்டேன். வேற ஒண்ணு போட்டு…"

"வாத்தியாரு வீட்டுல ஜன்னல் வெட்டலயே, அதுவும் மறந்ததா?"

அவர் பலகையில் ஒட்டியிருந்த சீவலை ஊதினார்.

"அவரு வீட்டுல அந்நேரம் லைட்டு எரியாது. அதனால வெட்டல. நீங்க இல்லாதத வெட்ட மாட்டீங்க, இருக்கறத விட மாட்டீங்க, எனக்குத் தெரியாதா?" அவள் குரல் இறங்கியது. "அப்ப நம்ம வீட்டயும் சரியாத்தான வெட்டியிருக்கீங்க."

பொய்கள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன. பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று சொல்லலாம். வயரிங் கோளாறு என்று சொல்லலாம். ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"எத்தன நாளா?" என்றாள்.

"நீ போனதுலருந்து."

அவள் தொப்பியைக் கழற்றினாள். தலைமுடி அவர் நினைத்திருந்ததைவிட நரைத்திருந்தது. "நான் இங்க தினமும் ராத்திரி நெனப்பேன். இப்ப வீட்டுக்கு வந்திருப்பாரு, முன்ரூமுல லைட்டப் போட்டுக்கிட்டு உக்காந்து பலகைய நோண்டிக்கிட்டு இருப்பாரு, நிம்மதியா இருப்பாருன்னு. அப்பிடி நெனச்சுக்கிட்டுத்தான் இங்க படுப்பேன். என்னங்க, நீங்க இருட்டுலயா இருக்கீங்க?"

"பின்ரூமுல லைட்டு இருக்கு" என்றார். அது அவருக்கே அபத்தமாகக் கேட்டது.

அங்கே யாரோ பாத்திரத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேங்க" என்றாள். "இந்தத் தடவ சீக்கிரமே கேட்டாங்க. படம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. இன்னும் ரெண்டு வருஷம். உங்களக் கேட்டா உன் இஷ்டம்னுதான சொல்வீங்கன்னு கேக்காமயே போட்டுட்டேன்."

"கையெழுத்துப் போட்டதத் திரும்ப வாங்க முடியாதா?"

"முடியாது. கேட்டுப் பாத்துட்டேன். படத்தப் பாத்த அன்னிக்கே போய்க் கேட்டேன். நடுவுல விட்டுப் போக விட மாட்டாங்களாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. ஒரே ஒரு வார்த்த. உங்களுக்கு நான் வேணுமா வேணாமான்னுகூடத் தெரியாம இத்தன வருஷமா இங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல் இடுக்கெல்லாம் கருநீல மை.

"வா" என்றார்.

"இப்பதான சொன்னேன், முடியாதுன்னு."

"தெரியும். முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். நீ இல்லாம என்னால இருக்க முடியல. ஒரு நாளும் முடியல. வா."

திரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போனை மேசையில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. சமையல்கட்டின் கூரையும், அதில் நீளமாக எரியும் ஒரு குழல் விளக்கும்தான் தெரிந்தன. அவள் முகம் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவள் குரல், ரொம்பப் பக்கத்திலிருந்து வந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார்.